வெனோராவுக்கு ஆள் எடுப்பு

"மகன், இந்த வெனோராவுக்கு எத்தனை மணித்தியாலம் பறக்கோணும்?"

இக்ராம் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஸெய்னுதீன் ஹாஜியாரின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் நிலையத்தில் ஒரு நாளைக்கு இப்படி நாற்பது கேள்வி வரும். நாற்பதுக்கும் நிமிர்ந்தால் கழுத்து என்னத்துக்கு ஆகும்?

"அஞ்சரை மணித்தியாலம் மாமி" என்று வாயில் வந்ததைச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெயர் காதுக்குள் இறங்கியது.

சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியைப் பார்த்தான்.

மேலே ஹாஜியாரின் சிரித்த படம். கீழே நிலையத்துக் கந்தோரின் தொலைபேசி இலக்கம். நடுவில் கொட்டை எழுத்தில்:

வெனோரா
ஆட்சி: கூட்டாட்சி
பொருளாதாரம்: செழிப்பான கைத்தொழில்
குடித்தொகை: 410 கோடி
தொழில்நுட்பத் தரம்: 11
தூரம்: 6.8
மக்கள்: சாதுவானவர்கள், பச்சை நிறத்தினர்

அது நாடில்லை, கிரகம். அந்தக் கிரகமும் வானத்தில் எங்கும் இல்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இக்ராமுக்குப் பைத்தியமான ஒரு பழைய விண்வெளி வியாபார விளையாட்டு இருந்தது. ஒரு கிரகத்தில் சாமான் வாங்கி, கப்பலில் ஏற்றி, இன்னொரு கிரகத்தில் விற்க வேண்டும். அந்தக் கிரகங்களை ஒருவரும் உட்கார்ந்து எழுதவில்லை. ஒரேயொரு எண்ணைக் கொடுத்தால் கணினி அதைப் பெருக்கி, உருட்டி, பிசைந்து, பெயரும் ஆட்சியும் குடிசனமுமாக இருநூற்றைம்பத்தாறு கிரகங்களைப் பெற்றுப் போட்டுவிடும். அவற்றின் விபரங்களைத் தமிழில் பக்கம் பக்கமாகக் காட்டுகிற ஒரு சின்னப் புரோகிராமை அவன் சாப்பாட்டு நேரங்களில் எழுதிக்கொண்டிருந்தான். அதில் குற்றமில்லை. பக்கத்தை அழகுபடுத்தப் பஞ்சிப்பட்டு, சோம்பலில், கந்தோரில் நாடுகளைக் காட்டும் பக்கத்தையே அச்சாக எடுத்துக்கொண்டான் பாருங்கள், அதுதான் குற்றம். அப்படிச் செய்து பார்த்த முதல் பக்கம் எப்படியோ டிவியில் செருகும் பென் டிரைவுக்குள் போய்விட்டது. அந்த டிவிக்கு நல்லது கெட்டது தெரியாது. உள்ளே கிடந்த படங்களையெல்லாம் வரிசையாகக் காட்டியது.

"அஞ்சரை மணித்தியாலம்தான்" என்று கேள்வி கேட்ட பெண், சித்தி பரீதா என்று பெயர், பக்கத்தில் இருந்த மகனுக்குச் சொன்னார். "கிட்டத்தான்."

மகன் அர்ஷாக் வயரிங் வேலை தெரிந்தவன். எட்டு மாதமாக அதே மூலைக் கதிரையில் இருந்து அந்தக் கதிரைக்கே ஒரு பள்ளம் விழுத்திவிட்டான். "மக்கள் பச்சை நிறமெண்டு போட்டிருக்கு உம்மா."

"அது கட்சியாக்கும். நமக்கென்ன?"

உண்மை இக்ராமின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்பு ஹாஜியார் அவனைக் கையும் களவுமாகப் பிடித்துச் சொன்னது ஞாபகம் வந்தது. "இன்னொருக்கா கந்தோர்க் கொம்பியூட்டரில விளையாட்டைக் கண்டன் எண்டா, அண்டைக்கே நீ வீட்ட போகலாம்." வீட்டில் பெண்சாதி பஹ்மியாவுக்கு ஏழாம் மாதம். இந்த வேலைக்கு முன்பு இரண்டு வருசம் நிலாவெளியில் கரைவலை இழுத்தவன் அவன். உள்ளங்கையில் கயிற்றுத் தழும்பு இன்னும் போகவில்லை. வேலை போனால் திரும்பவும் அந்தக் கயிறுதான்.

"மாமி, அங்க இப்ப ஆள் எடுக்கேல்ல" என்றான்.

"அப்ப முந்தி எடுத்திருக்கு" என்றார் சித்தி பரீதா.

இக்ராம் எழுந்துபோய்ப் பென் டிரைவைப் பிடுங்கினான். டிவி நீலமாகிப் போனது. விசயம் முடிந்தது என்று அந்தப் பேதை நினைத்தான்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்த கையோடு ஹாஜியார் தொலைபேசியில் வந்தார்.

"பள்ளியால வெளிய வாறன், பத்துப் பேர் சுத்தி நிண்டுகொண்டு வெனோரா வெனோரா எண்டுறாங்க. எனக்குத் தெரியாத நாட்டுக்கு என்ர கந்தோரில ஆள் எடுக்குதோ?"

"இல்ல ஹாஜியார், அது வந்து..."

"நான் தெரியாதெண்டு காட்டிக்கொள்ளேல்ல. நல்ல நாடு, ஓவர்டைமும் இருக்கு, நானே நேரில போய்ப் பார்த்தனான் எண்டு சொல்லிட்டன். இனி அது இல்லையெண்டா ஊருக்குள்ள என்ர முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிற? நாளைக்கே திருப்பிப் போடு."

தொலைபேசியை வைத்துவிட்டு இக்ராம் கணக்குப் பார்த்தான். விளையாட்டுக்காக ஒரு குற்றம், ஹாஜியாரைப் பொய்யராக்கியதற்கு இன்னொரு குற்றம். நேற்றுச் சொல்லியிருந்தால் ஒன்றோடு போயிருக்கும்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குள் கிண்ணியாவிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் வந்த ஆட்களால் கந்தோர் நிரம்பிவிட்டது. இரவல் கதிரைக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. டிவியில் வெனோரா திரும்ப வந்தது. ஆனால் முந்தின இரவு முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த இக்ராம் ஒரு யோசனை கண்டுபிடித்திருந்தான். விபரங்களை மாற்றிவிட்டால்? ஒரு மனிசனும் கால் வைக்க விரும்பாத இடமாக அதை ஆக்கிவிட்டால்?

புதுப் பக்கம் இப்படி இருந்தது. ஆட்சி: அராஜகம். பாதுகாப்பு: வழி நெடுகக் கொள்ளையர். நிலநடுக்கம்: வாரத்துக்கு ஒன்று. சூரியன்: இரண்டு. மக்கள்: கோபக்காரர், கடிப்பார்கள்.

கந்தோர் மண்டபத்தில் இருந்த எல்லாரும் அதை வாசித்தார்கள். முதலில் எழுந்தவர் ஈச்சிலம்பற்றிலிருந்து வந்திருந்த புஸ்பராணி. இரண்டு நாடுகளில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர், அதிகம் பேசாதவர்.

"தம்பி, நான் போன ரெண்டு நாட்டுக்கும் இதே டிவியில என்ன போட்டிருந்தனீங்கள், ஞாபகம் இருக்கே?"

இக்ராமுக்கு ஞாபகம் இருந்தது. ஹாஜியார் சொல்லச் சொல்ல அவன்தான் தட்டியவன். "அன்பான குடும்பங்கள்" என்றான் மெல்லமாய்.

"ஓம். அன்பான குடும்பங்கள். முதல் வீட்டில அயன் பெட்டியால சுட்டவை. ரெண்டாவது வீட்டில சாப்பாட்டைப் பூட்டி வைச்சவை." புஸ்பராணி டிவியைக் காட்டினார். "கடிப்பினம் எண்டு முன்னுக்கே சொல்ற நாட்டை இப்பதான் காணுறன். என்ர பேரை எழுதுங்கோ."

"அக்கா, வாரத்துக்கு ஒரு நிலநடுக்கம்!"

"சுனாமியையே கண்டனாங்கள்."

"அராஜகம் அக்கா! அரசாங்கமே இல்ல!"

"வரியும் இல்லையாக்கும்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மண்டபம் சந்தோசமாகச் சிரித்தது.

அர்ஷாக் மட்டும் சிரிக்கவில்லை. கண் வெட்டாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "ரெண்டு சூரியன் உம்மா. சோலார் வேலை எக்கச்சக்கமாக் கிடக்கும். நான் வயரிங்காரன்தானே. எனக்கெண்டே படைச்ச நாடு."

அவன் நீட்டிய விண்ணப்பத்தைக் கண்டதும் இக்ராமின் பயம் இடம் மாறியது. அதுவரை தன் வேலையை நினைத்துப் பயந்தவன், இப்போது இந்தப் பிள்ளையை நினைத்துப் பயந்தான். இதை வாங்கி ஹாஜியாரின் மேசையில் வைத்தால் அவர் எங்காவது ஒரு நாட்டுக்கு இவனை ஏற்றிவிடுவார். வைக்கவே கூடாது.

"படம் சரியில்ல" என்றான். "பின்னால வெள்ளை இருக்கோணும்."

அர்ஷாக் ஓடிப்போய் ஒரு மணித்தியாலத்தில் வெள்ளைப் பின்னணியோடு வந்தான்.

"மெடிக்கல் வேணும்."

இரண்டு நாளில் மெடிக்கல் வந்தது.

"பொலிஸ் ரிப்போர்ட்?"

அதையும் எடுத்து வந்தான். பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதி, வயரிங் சான்றிதழ், வாப்பாவின் கையொப்பம், கிராம சேவகரான ஜீஎஸ்ஸின் கடிதம் என்று இக்ராம் கேட்கக் கேட்க, சித்தி பரீதா கந்தோர் கந்தோராக அலைந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கேட்பதற்கு உலகத்தில் இனி ஒரு கடுதாசியும் மிச்சமில்லை என்ற நிலை பத்தாம் நாள் வந்தது.

"இன்னும் என்ன மகன் குறை?" என்றார் சித்தி பரீதா. அறுந்த செருப்புக்கு ஊசி குத்தியிருந்தார். "இருந்தா இப்பவே சொல்லுங்க. கடைசி பஸ்சுக்கு முந்தி எடுத்துத் தாறன்."

இக்ராம் பேனாவைக் கீழே வைத்தான். "மாமி, என்னை உங்கட பிள்ளையா நினைச்சுக் கேளுங்க. இந்த நாட்டுக்குப் போடாதீங்க."

"ஏன்?"

ஹாஜியாரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் தோப்பூர் ஆளொருவரிடம், வெனோராவில் தான் சாப்பிட்ட ஆட்டிறைச்சியின் ருசியை விளக்கிக்கொண்டிருந்தார்.

"அது... காரணம் சொல்ல ஏலாது மாமி."

சித்தி பரீதா அவனை மேலும் கீழும் பார்த்தார். "விளங்குது. உங்கட மச்சானை அனுப்ப வைச்சிருக்கிறீங்க, என்ன? பஹ்மியாட தம்பி சும்மாதானே இருக்கிறான்."

"அல்லாஹ் மேல சத்தியமா இல்ல மாமி!"

"சத்தியம் வேற பண்ணுறீங்க." கடுதாசிக் கோப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கோபம் இக்ராமுக்குச் சுட்டாலும், பிள்ளை தப்பினான் என்ற நிம்மதியில் அன்றைக்குத்தான் பத்து நாளுக்குப் பிறகு வயிறாறச் சாப்பிட்டான்.

மற்றவர்களையும் கலைக்க வேண்டுமே. அன்று பின்னேரம் ஹாஜியார் போன பிறகு ஒரு பெரிய கடுதாசியில் எழுதினான்: 'வெனோரா என்று ஒரு நாடு உலகத்தில் இல்லை. யாரும் ஏமாற வேண்டாம்.' கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவு வீரம் இல்லை. கதவில் மாப்பசை பூசி ஒட்டிவிட்டு, யாராவது கண்டுவிடுவார்களோ என்று பாதி ஓட்டமும் பாதி நடையுமாக பஸ் நிலையத்துக்குப் போனான்.

திருகோணமலைத் தெருக்களில் திரிகிற மான்களுக்கு மாப்பசை பூசிய கடுதாசி என்றால் உயிர் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். பதற்றத்தில் அது அவன் மண்டைக்கு எட்டவில்லை. காலையில் வந்து பார்த்தால் கதவடியில் ஒரு கொம்பு மான் அசைபோட்டுக்கொண்டு நின்றது. அறிவித்தலின் மேல் மூலை மட்டும் மிஞ்சியிருந்தது: 'வெனோரா என்று ஒரு நாடு.' அதற்குக் கீழே வரிசை. வரிசை மூலைக் கடையையும் தாண்டிப் போயிருந்தது.

அன்றைக்கு ஹாஜியார் வரிசையைப் பார்த்துப் பூரித்த பூரிப்பு பதினொரு மணிவரைதான் நீடித்தது. பதினொன்றுக்கு எதிர்ப்பக்கத்தில் ஏணி வைத்து ஒரு போர்டு ஏற்றினார்கள்.

எதிர்ப்பக்கத்து முகவர் நிலையம் ஸுல்பிகாவினுடையது. போன வருசம்வரை இக்ராமுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை பார்த்தவர். கோபித்துக்கொண்டு வெளியேறி, தெருவைக் கடந்து, ஏசியோடு கடை போட்டுவிட்டார். அவருடைய மேசையிலிருந்து பார்த்தால் கண்ணாடிக்குள்ளால் ஹாஜியாரின் டிவி அப்பட்டமாகத் தெரியும்.

போர்டில் சிவப்பு எழுத்து: 'வெனோரா! நேரடி முகவர் நாங்களே! கோப்பு முழுமையாக உள்ளவர்களுக்குப் பத்து நாளில் பயணம்!'

வரிசை ஒரு தடவை நெளிந்தது. பிறகு வாலிலிருந்து தொடங்கி அப்படியே தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போயிற்று. புஸ்பராணி மட்டும் நின்றார். அவருக்கு ஏசி ஒத்துவராது.

அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு நாளும் இக்ராமுக்கு நரகம். எதிர்ப்பக்கம் போன ஆட்களை ஒவ்வொருவராக மறித்துக் கெஞ்சினான். "ஹாஜியார்தான் உன்னை அனுப்பி வைச்சவரோ?" என்று கேட்டார்கள். சித்தி பரீதாவின் வீட்டுக்குத் தொலைபேசிக் கோல் எடுத்தான். இக்ராம் என்றதும் தொடர்பு அறுந்தது. நாலு தடவை அறுந்தது. ஸுல்பிகாவிடமே போனான்.

"மிஸ், அப்பிடி ஒரு நாடே இல்ல. நான் செய்த விளையாட்டு அது."

ஸுல்பிகா சிரித்தார். "உங்கட ஹாஜியார் அங்க ஆட்டிறைச்சி சாப்பிட்டவராம். என்னட்டக் கதை விடாதீங்க இக்ராம். தொழில் போட்டியெண்டா நேராச் சொல்லுங்க."

பஹ்மியாதான் கடைசியில் வாய் திறந்தாள். மூன்று வாரமாக ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டு மட்டும் இருக்கிற மனிசனை எந்தப் பெண்சாதி பார்த்துக்கொண்டிருப்பாள்?

"உள்ளதைச் சொல்லிட்டு வாங்க" என்றாள், முழுக் கதையையும் கேட்டுவிட்டு. "வலை இழுத்துச் சாப்பிட்டாலும் நிம்மதியாச் சாப்பிடலாம். பிறக்கிற பிள்ளைக்கு முன்னால இப்பிடிப் பேயறைஞ்ச முகத்தோட நிக்காதீங்க."

மறுநாள் காலை இக்ராம் பிஸ்மி சொல்லிக்கொண்டு மண்டபத்தின் நடுவில் போய் நின்றான். பதினைந்து பேர்வரை இருந்தார்கள். ஹாஜியார் அறை வாசலில் நின்று எதிர்ப்பக்கத்து வரிசையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஹாஜியார், எல்லாரும் கேளுங்க. வெனோரா எண்டு ஒரு நாடு இல்ல. அது விளையாட்டு. கந்தோர்க் கொம்பியூட்டரில நான் செய்தனான். என்னை வேலையால நிப்பாட்டுங்க, பரவாயில்ல. ஆனா ஒருத்தரும் அங்க போக வேணாம்."

ஹாஜியார் எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார்.

"இல்லாத நாடெண்டா" என்றார் ஹாஜியார் நிதானமாக, "ஸுல்பிகா எப்பிடியடா ஆள் அனுப்புறாள்? முதல் குறூப் போயிட்டுதாமே?"

"போயிட்டுதா? எங்க?"

"வெனோராவுக்குத்தான்!"

இக்ராம் கணினியிடம் பாய்ந்தான். "பாருங்க! கண்ணால பாருங்க!" கணினியின் வயரை டிவியில் செருகி, பழைய எண்ணை அழித்துவிட்டு, கைக்கு வந்த ஓர் எண்ணைத் தட்டினான். டிவியில் கிரகங்கள் பொலபொலவென்று பிறந்தன. ஒறிஸ்தா, முடியாட்சி, செழிப்பான விவசாயம். கெலூனி, கூட்டாட்சி, ஏழைக் கைத்தொழில். தசோரா, ஸிமாயா, பெத்துறோன். ஒவ்வொன்றின் தலையிலும் ஹாஜியாரின் சிரித்த முகம். "ஒரு நம்பரைப் போட்டா இருநூற்றைம்பத்தாறு வரும். எல்லாம் பொய்! நம்பரை மாத்தினா வேற இருநூற்றைம்பத்தாறு!"

மண்டபம் எழுந்து நின்றது. ஆட்கள் பையிலிருந்து பேனாவை எடுத்து, பெயர்களைக் குறிக்கத் தொடங்கினார்கள்.

ஹாஜியாரின் கண் கலங்கிவிட்டது. அவர் மெதுவாக வந்து இக்ராமின் தோளில் கை வைத்தார். "இருநூற்றைம்பத்தாறு நாட்டுக்கும் ஏஜென்சி எங்களுக்கா? இதையாடா இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சிருந்தனீ?"

"ஐயோ ஹாஜியார், ஒண்டும் உண்மையில்ல! நான் சொல்றதை ஒருத்தராவது நம்புங்களேன்!"

"எனக்கு அந்த ஏழை நாட்டைக் குறியுங்கோ" என்றார் புஸ்பராணி. "ஏழையள் கொஞ்சம் இரக்கம் பார்ப்பினம்."

இக்ராம் கதிரையில் விழுந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அழுகை வந்தது. ஒரேயொரு ஆறுதல்தான் அவனுக்கு மிஞ்சியிருந்தது. அந்தப் பிள்ளை அர்ஷாக்கின் கோப்பு ஹாஜியாரின் மேசைக்குப் போகவில்லை. அவன் தடுத்துவிட்டான். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தான்.

யாரோ அவன் முன்னால் ஒரு தட்டை வைக்கிற சத்தம் கேட்டது. கையை எடுத்துப் பார்த்தான். இனிப்பான வட்டிலப்பம். தட்டுக்குப் பின்னால் சித்தி பரீதா, புதுச் செருப்போடு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"கோவத்தில உங்களைத் தப்பா நினைச்சிட்டன் மகன், மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றார். "நீங்க அலைய வைச்சு எடுப்பிச்ச கடுதாசியளாலதான் எங்கட அர்ஷாக்கை ஸுல்பிகா முதல் பிளேனிலயே ஏத்தினாங்க. நேத்து வேற ஒருத்தர்ட போனில கோல் எடுத்தவன். நீங்க டிவியில போட்டதெல்லாம் சரிதானாம், ரெண்டு சூரியன் அடிக்கிற மாதிரித்தான் வெயிலாம். இன்னும் ஒருத்தரும் கடிக்கேல்லையாம், பாஸ்போர்ட்டையும் போனையும் மட்டும் வாங்கி வைச்சிட்டாங்களாம்."